டி-72 வாங்கி பெண்டேக்கார் கட்டுவது எப்படி?

மலேசியத் தரைப்படையிடம் உள்ள பெரிய டாங்கி ஒரே வகைதான்: போலந்தில் தயாரான பிடி-91எம் பெண்டேக்கார். 2003இல் ஒப்பந்தம் போட்டு 48 வண்டிகள் வாங்கினார்கள். நெகிரி செம்பிலானில் கெமாஸ் முகாமில் உள்ள அரச கவசப் படையின் 11ஆவது ரெஜிமெண்ட்தான் அவற்றை ஓட்டுகிறது. ஜெர்மன் டைகர், அமெரிக்க ஷெர்மன், ரஷ்ய டி-90 என்று ரிமோட்டில் ஓடும் டாங்கிகள் இணையக் கடைகளில் வரிசையாகக் கிடக்கின்றன. நம் நாட்டு வண்டியை மட்டும் அந்த வரிசையில் நான் பார்த்ததில்லை. வேண்டுமென்றால் கட்டிக்கொள்ள வேண்டியதுதான். பிடி-91இன் அடிப்படை சோவியத் டி-72. அது 1/16 அளவில், ஓடும் நிலையிலேயே கிடைக்கிறது என்பதால் பாதி வேலை முடிந்த மாதிரி.

மீதிப் பாதியில்தான் பலர் வழி தவறுகிறார்கள். பெட்டி வந்த அன்றே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிடுகிறார்கள். ஓட்டத்தைச் சரிசெய்யாத டாங்கிக்கு ஒப்பனை செய்தால், இரண்டாம் வாரம் கியர்பாக்ஸ் போகும்போது அந்த ஒப்பனையையே பிய்த்துத்தான் உள்ளே கை வைக்க வேண்டியிருக்கும். எனவே கீழிருந்து மேலே போவோம்: முதலில் சங்கிலிப் பட்டை, பிறகு பல்சக்கரம், கியர், மின்சாரம், அதற்குப் பிறகே கவசமும் வண்ணமும்.

வாங்கும்போது

ரிமோட் டாங்கியில் 'பெரிய அளவு' என்றால் பெரும்பாலும் 1/16தான். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1974இல் வெளியிட்ட தன் முதல் ரிமோட் வாகனமே இந்த அளவில் செய்த ஷெர்மன் டாங்கி. இதைவிடப் பெரிதாக 1/6 அளவும் உண்டு. முழுக்க உலோகத்தில் செய்தால் அது நூறு கிலோவைத் தாண்டும். அடுக்குமாடியில் குடியிருப்பவர்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

தாமியா பெட்டியில் எல்லாம் உதிரியாக வரும், நாம் பூட்ட வேண்டும். தரம் அருமை, விலையும் அப்படியே. சீனாவின் ஹெங் லாங் முழுதாகப் பூட்டிய வண்டியாகவே அனுப்புகிறது. பிரித்து, மாற்றி, வெட்டி விளையாடப் போகிறவருக்கு ஹெங் லாங் டி-72தான் சரி. விலையுயர்ந்த வண்டியில் ரம்பம் வைக்கக் கை நடுங்கும்.

ஒரு விஷயத்தில் கவனம் தேவை. ஹெங் லாங் டாங்கிகள் சில 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு சுடும் வகையில் வருகின்றன. மலேசியாவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கிக்கே அனுமதி கிடையாது, 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் காற்றுத் துப்பாக்கியையும் ஆயுதமாகவே கணக்கில் எடுக்கிறது. "இது பொம்மைங்க" என்று சுங்க அதிகாரியிடம் வாதாடுவதைவிட, அகச்சிவப்புக் கதிரில் 'சுடும்' வகையை வாங்குவது நிம்மதி. குண்டு பறக்காது. அடி வாங்கிய டாங்கி தானே குலுங்கி, குறிப்பிட்ட எண்ணிக்கை அடிகளுக்குப் பிறகு நின்றுவிடும். குழந்தைகள் இருக்கும் திடலில் அதுவே நல்லது. கையில் பிடிக்கும் ரிமோட் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும். அதை உள்ளூரில் வாங்கினால் சிரிம் முத்திரை ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

கொஞ்சம் கணக்கு

ரூலரும் கால்குலேட்டரும் எடுத்துக்கொள்ளுங்கள். பெண்டேக்காரின் உடல் நீளம் 6.95 மீட்டர், துப்பாக்கிக் குழலையும் சேர்த்தால் 9.67, அகலம் 3.59. பதினாறால் வகுத்தால் 43.4 செ.மீ., 60.4 செ.மீ., 22.4 செ.மீ. குழலைக் கழற்றினால் சக்கரம் வைத்த பயணப் பெட்டிக்குள் அடங்கிவிடும். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிளம்பி, கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, கிள்ளானில் இறங்கும் வரை ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

எடையின் கணக்கு வேறு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பதினாறில் ஒன்றாகும்போது எடை 4,096இல் ஒன்றாகும். சுமார் 48 டன் வண்டி ஏறக்குறைய 12 கிலோவாக வரும். அவ்வளவு எடை ஏற்றாதீர்கள். உலோகப் பட்டை போட்ட மாதிரி டாங்கி அதில் பாதி இருந்தாலே அசைவு கம்பீரமாக இருக்கும், மோட்டாரும் பிழைக்கும்.

வேகம்தான் எல்லோரும் கோட்டை விடும் இடம். நிஜ டாங்கி மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 1/16 அளவில் அது மணிக்கு 3.75 கிலோமீட்டர். நாம் சாவகாசமாக நடக்கும் வேகம். நம் பையன்கள் டாங்கியை ரேஸ் காராக நினைத்து வேகமான மோட்டார் தேடுகிறார்கள். இங்கே தேவை இழுவிசை. கியர்பாக்ஸ் வாங்கும்போது 3:1, 4:1 என்று இரண்டு வகை கேள்விப்படுவீர்கள். நான் எப்போதும் மெதுவாக ஓடும் 4:1 பக்கம்தான்.

ஓட்டப் பகுதி

மேல் ஓட்டைக் கழற்றுமுன் வண்டியை அப்படியே அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். எல்லா வேலையும் செய்கிறதா, நேராகப் போகிறதா, கோபுரம் இரு பக்கமும் திரும்புகிறதா? பழுதிருந்தால் கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ளும் நேரம் இதுதான். நீங்கள் ஒரு கம்பியை வெட்டிவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு திறந்து, ஒவ்வொரு இணைப்பையும் கைப்பேசியில் படமெடுத்து, கம்பிகளில் காகித டேப் ஒட்டி எண் போடுங்கள்.

டி-72க்கு ஒவ்வொரு பக்கமும் ஆறு சாலைச் சக்கரங்கள், மேலே மூன்று சிறு உருளைகள், முன்னால் இழுவை சரிசெய்யும் சக்கரம், பின்னால் இயக்கும் பல்சக்கரம். மோட்டாரும் கியர்பாக்ஸும் பின்பக்கமே இருக்கின்றன. மலிவு வகை வண்டியில் பட்டை, பல்சக்கரம், கியர் எல்லாமே பிளாஸ்டிக். எல்லோரும் முதலில் வாங்குவது உலோகப் பட்டை. பார்க்க அழகு, ஓடும்போது கடகடவென்ற சத்தமும் அசலாக இருக்கும். ஆனால் உலோகப் பட்டை பிளாஸ்டிக் பல்சக்கரத்தின் பற்களை அரைத்துத் தின்றுவிடும். சரி, உலோகப் பல்சக்கரம் போடுகிறீர்கள். இப்போது கியர்பாக்ஸுக்குள் உள்ள பிளாஸ்டிக் கியர் வழுக்கும். எஃகு கியர்பாக்ஸ் போட்டால் அதைத் தாங்கும் பிளாஸ்டிக் தூணிலிருந்து ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும். ஒன்றை வலுவாக்கினால் உடைசல் அடுத்ததற்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான். அதனால் பட்டை, பல்சக்கரம், முன்சக்கரம், கியர்பாக்ஸ் நான்கையும் ஒரே செட்டாக வாங்குங்கள். கையில் பணம் போதவில்லையென்றால் பிளாஸ்டிக் பட்டையோடு இன்னும் இரண்டு மாதம் ஓட்டுங்கள், அதில் குற்றமில்லை.

கியர்பாக்ஸ் உட்காரும் தூண்களைச் சுற்றி இரண்டு கலவை எப்பாக்சி பசையை மலைபோல் குவித்து இறுகவிடுங்கள். அதன்மேல் 2 மில்லிமீட்டர் அலுமினியத் தகடு ஒன்றை இரு கியர்பாக்ஸையும் இணைத்துப் பூட்டினால் இன்னும் நல்லது. ஸ்க்ரூக்கள் உலோகத்துக்குள் இறங்கும் இடங்களில் மட்டும் நீல நிறத் திரெட்லாக் ஒரு சொட்டு. அது சில பிளாஸ்டிக்குகளில் வெடிப்பு உண்டாக்கும், ஜாக்கிரதை. கியருக்குப் பிளாஸ்டிக்கைக் கெடுக்காத வெள்ளை கிரீஸ், மிகக் கொஞ்சமாக. வழிய வழியப் பூசினால் கிள்ளான் செம்மண் முழுவதும் அதில்தான் வந்து ஒட்டும்.

புது மோட்டாரைப் பட்டை மாட்டாமல், குறைந்த வேகத்தில், சில நிமிடம் முன்னுக்கும் சில நிமிடம் பின்னுக்கும் ஓடவிடுங்கள். அப்போதே மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து இரண்டு பக்கமும் எவ்வளவு மின்னோட்டம் இழுக்கின்றன என்று பார்க்க வேண்டும். இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. ஒரு பக்கம் கணிசமாக அதிகமென்றால் அங்கே எங்கேயோ உரசுகிறது: அச்சு வளைந்திருக்கும், பேரிங் கோணலாக உட்கார்ந்திருக்கும், அல்லது கியர் ஒன்றோடொன்று நெருக்கியிருக்கும். டாங்கி நேராகப் போகாமல் ஒரு பக்கம் இழுத்தால் ரிமோட்டில் திருத்தம் செய்து மறைக்காதீர்கள். காரணம் பெரும்பாலும் இந்த உரசல்தான்.

பிறகு பட்டை. மேலிருந்து பார்த்து, பல்சக்கரமும் முன்சக்கரமும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நீள ரூலர் வைத்துப் பாருங்கள். பட்டையின் மேல்பகுதியை உருளைகளுக்கு நடுவில் விரலால் அழுத்தினால் சில மில்லிமீட்டர் இறங்க வேண்டும். கம்பிபோல் விறைத்திருந்தால் மோட்டார் சூடாகும். தொங்கினால் புல்லில் திரும்பும்போது கழன்று விழும். உலோகப் பட்டையில் கண்ணிகளைக் கோர்க்கும் ஊசிகள் ஓட ஓட வெளியே நகரும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன் விரலால் தடவிப் பார்த்து, நீட்டிக்கொண்டிருப்பதைச் சிறு சுத்தியால் தட்டி உள்ளே அனுப்புங்கள்.

மின்சாரம்

கோலாலம்பூரில் இந்த வேலைக்குச் சாமான் வாங்க ஒரே தெரு போதும்: பூடு பக்கம் ஜாலான் பாசார். கப்பாசிட்டர், கனெக்டர், சுவிட்ச், வெப்பத்தில் சுருங்கும் குழாய் எல்லாம் சில்லறையாகவே கொடுப்பார்கள். அங்கே போய் '104' என்று அச்சிட்ட செராமிக் கப்பாசிட்டர் ஒரு கைப்பிடி வாங்குங்கள், அதாவது 0.1 மைக்ரோஃபாரட். மோட்டாரின் பிரஷ் எழுப்பும் தீப்பொறி ரேடியோவையும் ஒலிப் பலகையையும் குழப்பும். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு இடையே ஒன்று, ஒவ்வொரு முனையிலிருந்தும் மோட்டார் உடலுக்கு ஒன்று என்று மூன்றைப் பற்றவைத்தால் அந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும். மோட்டார் உடலில் ஈயம் ஒட்டாது. அந்த இடத்தை முதலில் உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டும்.

பேட்டரிக்கு இரண்டு செல் லித்தியம், 7.4 வோல்ட். முழுதாக ஏறினால் 8.4 இருக்கும். ஒரு செல் 3.3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் கத்தும் சிறு அலாரம் ஒன்று மலிவாகக் கிடைக்கும், அது கட்டாயம். டாங்கியின் கட்டுப்பாட்டுப் பலகை 7.4 வோல்ட்டுக்கானது என்றால் மூன்று செல் பேட்டரியைக் கொடுத்துச் சோதிக்கவே வேண்டாம். பேட்டரியின் சிவப்புக் கம்பியில், பேட்டரிக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில், கார் ஃபியூஸ் ஒன்றை மாட்டுங்கள். எத்தனை ஆம்பியர்? டாங்கியைக் கம்பளத்தில் நின்ற இடத்திலேயே சுற்றவிட்டு அளந்து பாருங்கள், அதுதான் மோட்டார் மிகவும் திணறும் நிலை. அந்த அளவுக்குச் சற்று மேலே உள்ள ஃபியூஸ் போதும்.

ஆன்டெனாக் கம்பியை மோட்டார்க் கம்பிகளோடு சேர்த்துக் கட்டக்கூடாது, கோபுரத்தை நோக்கி மேலே கொண்டுபோங்கள். ஸ்பீக்கரைத் திறந்தபடி விட்டால் என்ஜின் சத்தம் தகர டப்பாவாகக் கேட்கும். பின்புறம் மூடிய சிறு டப்பாவுக்குள் அதைப் பொருத்தினால் வித்தியாசம் உடனே தெரியும்.

டி-72 பெண்டேக்கார் ஆவது

இனிதான் ரசிக்க வேண்டிய வேலை. முதலில் படங்கள் சேருங்கள். அணிவகுப்பிலும் கண்காட்சியிலும் எடுத்த படங்கள் நிறையக் கிடைக்கும். கெமாஸ் முகாம் வாசலில் கேமராவோடு போய் நிற்க வேண்டாம். அங்கே 'கவாசான் லாராங்கான்' (தடைசெய்த பகுதி) என்ற சிவப்புப் பலகை சும்மா மாட்டியதல்ல. டாங்கி எப்படி இருக்கும் என்று கண்ணால் பழகப் போர்ட்டிக்சனில் உள்ள தரைப்படை அருங்காட்சியகத்துக்கு ஒரு நாள் போய் வரலாம், கவச வண்டிகளைச் சுற்றி வந்து பார்க்கலாம்.

படத்திலிருந்து அளவெடுக்க ஒரு எளிய வழி உண்டு. டி-72 குடும்பத்தின் சாலைச் சக்கரம் 750 மில்லிமீட்டர் விட்டம், 1/16இல் 47. நேர்ப் பக்கவாட்டுப் படத்தில் சக்கரம் எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்தால், அதே படத்தில் உள்ள வேறு எதையும் அந்த விகிதத்தில் கணக்கிடலாம். புகைக் குண்டுக் குழாய், பக்கத் தகடு, கருவிப் பெட்டி எல்லாம் இப்படித்தான் வரும். சாய்ந்து எடுத்த படத்தில் இது பலிக்காது.

பார்த்தவுடன் பிடி-91ஐக் காட்டிக்கொடுப்பது எராவா என்ற வெடிகவசக் கட்டைகள். குண்டு வந்து பட்டதும் வெளிநோக்கி வெடித்து, அதன் துளைக்கும் ஆற்றலைக் குலைக்கும் கட்டைகள் இவை. ரஷ்ய டாங்கிகளின் பழைய கட்டைகளுக்கு இடையே இடைவெளி தெரியும். எராவா தரை ஓடு பதித்ததுபோல் நெருக்கமாக உட்காரும். போலந்தின் சொந்த பிடி-91இல் 394 கட்டைகள்: கோபுரத்தில் 108, உடலில் 118, இரு பக்கமும் 84, 84. மலேசிய வண்டிக்கு உங்கள் படத்தைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். உங்கள் டி-72 பெட்டியில் வேறு வகைக் கட்டைகள் ஏற்கெனவே வார்த்திருந்தால் அவற்றை உளியால் சீவி, உப்புத்தாள் போட்டுச் சமப்படுத்த வேண்டும்.

நானூறு கட்டைகளைக் கத்தியால் வெட்டுவது தவம். ஸ்டைரீன் தகட்டில் ஒன்றைச் சுத்தமாகச் செய்து, அதை வைத்து சிலிகோன் அச்சு எடுத்து, பாலியூரித்தேன் ரெசின் ஊற்றி வார்ப்பது எளிது. நம் ஊர்க் காற்றுதான் இதற்கு எதிரி. இந்த ரெசின் ஈரத்தைக் குடித்தால் நுரைத்துக்கொண்டு, வெந்த இட்லிபோல் ஓட்டை ஓட்டையாக வரும். மழை நாளில் ஊற்றாதீர்கள். திறந்த புட்டியைச் சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மெல்லிய தகடு வேண்டுமென்றால் கிள்ளானில் விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் துண்டு துணுக்குகள் சல்லிசாகக் கிடைக்கும். ஆனால் அவை பெரும்பாலும் பிவிசி அல்லது அக்ரிலிக். மாதிரிகளுக்கான மெல்லிய பசை அவற்றைச் சரியாகப் பிடிக்காது, சூப்பர் குளூ வேண்டும்.

முப்பரிமாண அச்சில் செய்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எல்லோரும் பயன்படுத்தும் பிஎல்ஏ 60 டிகிரி அருகிலேயே இளகத் தொடங்கும். நண்பகலில் வெயிலில் நிறுத்திய காருக்குள், அதுவும் கண்ணாடியை ஒட்டி வைத்தால், அந்த வெப்பம் வந்துவிடும். பெட்ஜி அல்லது ஏபிஎஸ்ஸில் அச்சிடச் சொல்லுங்கள்.

துப்பாக்கிக் குழலின் உள்விட்டம் 125 மில்லிமீட்டர், நமக்கு 7.8. 8 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள அலுமினியக் குழாய் பொருந்தும். லேத் பட்டறையில் கொடுத்தால் நுனியைக் கடைந்து தருவார்கள். மலாயா இரயில்வேயின் செந்தூல் பணிமனைக் காலத்திலிருந்தே லேத்தும் உளியும் இங்குள்ள தமிழர்களுக்குப் பழக்கமான வேலை. பிட்டராகவோ டர்னராகவோ இருந்து ஓய்வு பெற்ற மாமா யாராவது தாமானில் இருந்தால், படத்தைக் காட்டிக் கேளுங்கள், கூலியைவிட ஆர்வம்தான் முன்னால் நிற்கும். பித்தளையில் கடையச் சொல்லாதீர்கள். முன்பாரம் கூடினால் குழலை ஏற்றி இறக்கும் சின்ன மோட்டார் தாங்காது.

வண்ணம்

பாத்திரம் கழுவும் சோப்பில் எல்லாவற்றையும் கழுவி ஒரு நாள் காயவிடுங்கள். பிளாஸ்டிக், ரெசின், அலுமினியம் மூன்றும் ஒரே வண்ணம் பிடிக்கப் பிரைமர் அவசியம். காலையில் அடியுங்கள். மாலை மழை திரளும் நேரத்தில் ஸ்பிரே அடித்தால் ஈரம் சிக்கி வெள்ளையாகப் பூத்துவிடும், பளபளப்பு அடக்கும் கடைசிப் பூச்சில் இது மோசம்.

அழுக்குப் பூசக் கடைப் பொடி வாங்க வேண்டாம். செம்பனைத் தோட்டச் சாலையில் ஒரு பிடி செம்மண் எடுத்து, வெயிலில் உலர்த்தி, மெல்லிய துணியில் சலித்து, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையோடு பட்டைக்கும் அடிப்பகுதிக்கும் தடவினால் போதும். சலிப்பதற்கு முன் வாணலியில் நன்றாக வறுத்துவிடுங்கள், இல்லையென்றால் மூன்றாம் மாதம் டாங்கியில் பூஞ்சை முளைக்கும். தூசி எவ்வளவு என்பதில் கை அடக்கம் வேண்டும். கீழ்ப்பாதி செம்மண், கோபுரம் கிட்டத்தட்ட சுத்தம் என்றிருந்தால்தான் நம்பும்படி இருக்கும்.

திடலில்

5 செ.மீ. உயரப் புல் இந்த டாங்கிக்கு 80 செ.மீ. புதர். கட்டையாக வெட்டிய திடல், காய்ந்த செம்மண் பாதை, பழைய கட்டுமான மணல் மேடு இவையே சரியான களங்கள். கடற்கரை மணல் வேண்டவே வேண்டாம், உப்பு எஃகு கியருக்குள் போனால் வெளியே எடுக்க முடியாது. அகச்சிவப்புச் சண்டைக்கு மாலைதான் நல்ல நேரம். சுள்ளென்ற வெயிலில் கதிர் எட்டும் தூரம் குறையும். பட்டைக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவே குழந்தைகளின் விரல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எஃகு கியர்பாக்ஸ் நிற்கும் வகையல்ல.

மலாயாவில் டாங்கி ஓடாது, காடும் சேறும் விடாது என்று ஒரு காலத்தில் நம்பினார்கள். ஜப்பானியர் வந்தபோது பிரிட்டிஷ் தரப்பில் இங்கே ஒரு டாங்கிகூட இல்லை. 1942 ஜனவரி 7ஆம் தேதி ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு சாலையாகத் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை உடைத்துக்கொண்டு போயின. திடலில் சேற்றைப் பார்த்தவுடன் உங்கள் வண்டியை உள்ளே இறக்கத் தோன்றினால், அவர்கள் போனது சாலையில் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் நிறுத்தி, தகரப் பெட்டியில் வையுங்கள். காரில் விடாதீர்கள். பட்டையைப் பழைய பல் துலக்கியால் தேய்த்து மண் நீக்கி, துணியால் துடைத்து, ஊசிகளில் ஒரு துளி எண்ணெய் விடுங்கள். மேல் ஓட்டைக் கழற்றி வைத்து, மின்விசிறிக்குக் கீழே இரவு முழுக்க விட்டால் உள்ளே தங்கிய ஈரம் போய்விடும். காலையில் கியர்பாக்ஸ் ஸ்க்ரூக்களை ஒருமுறை முடுக்கிப் பார்த்துவிட்டு மூடுங்கள்.